‘உலகப் புகழ்பெற்ற’ என்று எழுதும் முன்

ஒரு கலைக்களஞ்சியத்துக்காக நடராசர் செப்புச் சிலை பற்றி 300 சொற்களில் ஒரு குறிப்பு கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். சரிபார்த்துத் திரும்பி வந்த பிரதியில் இரண்டு மாற்றங்கள். முதல் வரியில் நான் எழுதாத ஒரு சொல் ஏறியிருந்தது: ‘உலகப் புகழ்பெற்ற’. கடைசிப் பத்தியில் நான் எழுதியிருந்த ஒரு வரி காணாமல் போயிருந்தது. 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை, இந்தச் சிலைகள் வழிபடப்பட்ட கோயில்களுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சட்ட உரிமை இருக்கவில்லை என்ற வரி அது. ஓரத்தில் சிவப்பு மையில் விளக்கம்: “இது கலை பற்றிய பதிவு. தீண்டாமைக்குத் தனிப் பதிவு இருக்கிறது.”

ஒன்றைச் சேர்த்தார்கள், ஒன்றை நீக்கினார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, இரண்டும் ஒரே வேலை என்று பட்டது. அந்தச் சொல் உள்ளே வந்ததும் அந்த வரிக்கு இடமில்லாமல் போய்விட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

‘புகழ்பெற்ற’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பெற்றது என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். எப்போது கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்ற கேள்விகளும் இருக்க வேண்டும். ஆனால் அகராதியிலும் களஞ்சியத்திலும் பாடநூலிலும் இந்தச் சொல் வரும்போது, புகழ் என்பது சிலையின் உயரம், எடை, உலோகம் போல அதற்குள்ளேயே இருக்கும் ஒரு குணமாக மாறிவிடுகிறது. இதன் தம்பி ஒன்று உண்டு: ‘பரவலாகக் கருதப்படுகிறது’. யார் கருதுகிறார்கள்? செயப்பாட்டு வினையில் எழுவாய் ஒளிந்துகொள்வது நமக்குப் புதிதல்ல. ‘இளைஞர் வெட்டப்பட்டார்’, ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று செய்தித்தாள் எழுதும்போது, வெட்டியது யார் என்று கேட்கப் பழகியவர்கள் நாம். அதே கேள்வியைக் கலை பற்றிய குறிப்பிலும் கேட்டால் என்ன?

முதலில், சாதிக்குச் சம்பந்தமில்லாத ஓர் உதாரணம். மோனலிசா. லியனார்டோ டாவின்சி 1503 வாக்கில் தொடங்கிய ஓவியம். ‘உலகிலேயே மிகவும் புகழ்பெற்ற ஓவியம்’ என்று எந்தக் குறிப்பும் தொடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு, ஆங்கில எழுத்தாளர்கள் சிலர் அதைக் கொண்டாடி எழுதியிருந்தார்கள். ஓவியம் அறிந்தவர்கள் அறிந்த படம். தெருவில் போகிறவரும் அந்த முகத்தை அறிந்தது பிறகு. 1911 ஆகஸ்ட் 21 அன்று லூவர் அருங்காட்சியகத்திலிருந்து அது திருடுபோனது. எடுத்தவர் வின்சென்சோ பெருஜ்ஜா என்ற இத்தாலியத் தொழிலாளி; அங்கேயே முன்பு வேலை பார்த்தவர். செய்தித்தாள்கள் அந்த முகத்தை உலகம் முழுக்க அச்சிட்டன. படம் இல்லாத வெற்றுச் சுவரைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள்! கவிஞர் அப்பொலினேர் கைதானார். பிக்காசோவை அழைத்து விசாரித்தார்கள். 1913 டிசம்பரில் ஃபுளோரன்சில் படம் கிடைத்தது. 1963இல் அமெரிக்கா போனபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

இவ்வளவையும் எழுதினால் அந்த ஓவியத்தின் மதிப்பு ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையாது. ஓவியம் எப்படி இருக்கிறது என்பது வேறு, அதை எத்தனை பேர் எப்படி அறிந்தார்கள் என்பது வேறு என்று படிப்பவருக்குப் புரியும். இரண்டாவது ஒரு வரலாறு. அதற்குத் தேதி உண்டு, ஆட்கள் உண்டு, அச்சு எந்திரம் உண்டு.

இப்போது நடராசருக்கு வருவோம். நான்கு கைகள், தூக்கிய கால், சுற்றிலும் தீச்சுடர் வளையம், காலடியில் மிதிபடும் முயலகன். இந்த வடிவம் சோழர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், செம்பியன் மாதேவி கட்டுவித்த கோயில்களோடு பரவலாகிறது. செப்பில் வார்த்த சிலைகளும் பெருகுகின்றன. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, நெருப்பில் காட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. இந்த வேலையைச் செய்த கைகளின் பெயர்கள் நம்மிடம் இல்லை. ‘சோழர்கள் படைத்த’ என்றுதான் குறிப்புகள் எழுதுகின்றன. எந்தச் சோழன் மெழுகு பிசைந்தான்?

சரி, அந்தச் சிலையை யார் பார்த்தார்கள்? கோயிலுக்குள் போக முடிந்தவர்கள் பார்த்தார்கள். அவர்களும் இன்று நாம் புத்தக அட்டையில் பார்க்கும் உருவத்தைப் பார்க்கவில்லை என்பது பலர் யோசிக்காத விஷயம். கோயிலில் இருக்கும் சிலைக்குப் பட்டு கட்டியிருக்கும், மாலை சார்த்தியிருக்கும், நகை பூட்டியிருக்கும். முகமும் தூக்கிய பாதமும் தெரிந்தால் பெரிது. இடுப்பின் வளைவு, விரிந்த சடை, கைகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடம் என்று கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதும் எதுவும் அபிடேக நேரம் தவிர மற்ற நேரங்களில் கண்ணுக்குத் தெரியாது. குடமுழுக்கு முடிந்தபின் அர்ச்சகரைத் தவிர வேறு எவரும் அதைத் தொடவும் முடியாது. வார்த்தவரும்தான்.

கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்? உற்சவர் தெருவுக்கு வருவார். வரும் தெருக்கள் எவை என்பது நமக்குத் தெரியும். தேர் சேரிக்குள் வராது. அந்த வடிவத்தைப் பார்க்க ஆசைப்பட்ட ஒருவரின் கதையைத்தான் தமிழ் இலக்கியம் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆதனூர் நந்தன், நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று சொல்லியே ‘திருநாளைப்போவார்’ என்ற பெயர் பெற்றவர். பெரியபுராணத்தின்படி அவர் தில்லைக்குள் நுழைந்தது தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகு. அதாவது, நந்தனாக இருக்கும்வரை அவர் பார்க்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார் யார்?’ நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நடராசர் பற்றிய ஒரு களஞ்சியக் குறிப்பில் இது ‘தீண்டாமை’ என்ற வேறொரு பதிவுக்குப் போக வேண்டிய செய்தியா? அந்தச் சிலையைப் பார்ப்பது பற்றித் தமிழில் இதைவிடப் பெரிய கதை எது?

அந்த உருவத்தைத் துணி இல்லாமல், மாலை இல்லாமல், எல்லாப் பக்கமும் சுற்றிவந்து பார்க்கும் வாய்ப்பை உருவாக்கியது அருங்காட்சியகம். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தை நம் மக்கள் ‘செத்த காலேஜ்’ என்றார்கள். விலங்குக் காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. (இந்தப் பெயர் வைத்தவருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.) அந்தச் செத்த காலேஜில்தான் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். கருவறை வாசலில் கேட்கப்பட்ட கேள்வி அங்கே கேட்கப்படவில்லை. கோயிலில் தடுக்கப்பட்ட ஒருவர் நடராசருக்கு எதிரே நின்று முழுதாகப் பார்க்க முடிந்த இடம் அது. வெள்ளைக்காரர்கள் சமத்துவத்துக்காக அதைக் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நோக்கம் வேறு. விளைவு இது.

அந்தச் சிலையின் புகைப்படங்களை விக்டர் கோலூபேவ் என்ற ரஷ்ய அறிஞர் பாரிசுக்குக் கொண்டுபோய்ச் சிற்பி ரோடினிடம் காட்டினார். ரோடின் 1913இல் அவற்றைப் பார்த்து உருகி ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1917இல் இறந்தார். கட்டுரை 1921இல் அச்சானது. ‘ரோடினே வியந்த சிலை’ என்று இன்றுவரை மேடையில் முழங்குகிறோம். ரோடின் சென்னைக்கு வந்ததே இல்லை. அவர் வியந்தது புகைப்படத்தைப் பார்த்து. ஒரு களஞ்சியக் குறிப்பில் இருக்க வேண்டிய தகவல் இது. ‘ரோடின் பாராட்டினார்’ என்று மட்டும் எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் பாதி.

அதே காலத்தில்தான் ஆனந்த குமாரசாமியும் வருகிறார். 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். சிவ நடனம் பற்றிய அவருடைய கட்டுரை 1912இல் சித்தாந்த தீபிகை இதழில் வந்தது. 1918இல் நியூயார்க்கில் அதே தலைப்பில் நூலானது. ஆக்கல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று ஐந்தொழிலையும் ஒரே உருவில் காட்டும் சிலை என்ற விளக்கம் உலகம் முழுக்கப் போனது அந்த நூல் வழியாகத்தான். அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1910இல் லண்டனில் ஜார்ஜ் பேர்ட்வுட் என்ற அதிகாரி, இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று கிடையாது என்றும், ஒரு புத்தர் சிலை அவித்த பலகாரம் போல இருக்கிறது என்றும் பேசியிருந்தார். இந்த ஏளனத்துக்கு நடுவில் நின்றுதான் குமாரசாமி எழுதினார். ஆனால் பதில் சொல்லப் போய், சிலையைச் சைவ சித்தாந்தத் தத்துவமாகவே மாற்றிவிட்டார். பத்மா கைமல் 1999இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, குமாரசாமி ஆதாரமாக வைத்த நூல்களில் முக்கியமானவை இந்தச் சிலைகள் பரவத் தொடங்கிய காலத்துக்குப் பிந்தியவை என்பதைச் சுட்டிக்காட்டியது. முற்காலச் சோழர்களுக்கு இந்த உருவம் அரச குலத்தின் சின்னமாகவும் இருந்திருக்கலாம் என்பது அவருடைய வாதம். வெற்றி, அதிகாரம், காலடியில் மிதிபடும் ஒருவன். இதையும் சேர்த்துப் படித்தால் அந்த உருவம் வேறு மாதிரி தெரிகிறது, இல்லையா?

பிறகு நடந்தவை வேகமானவை. 1975இல் ஃபிரிட்ஜோஃப் காப்ராவின் நூல் அணுத்துகள்களின் இயக்கத்தையும் சிவ நடனத்தையும் ஒன்றாகப் பேசியது. 2004இல் இந்திய அரசு ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு 2 மீட்டர் உயர நடராசரைப் பரிசளித்தது. இன்று வாட்ஸ்அப்பில் ‘அணுவை அன்றே கண்ட தமிழன்’ என்று சுற்றுவதன் வேர், அந்த நூலும் இந்தப் பரிசும்தான். விஞ்ஞானிகள் ஆராய்ந்து தேர்ந்தெடுத்து வைத்த சிலை என்று நம்புகிறவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. அது ஓர் அரசு கொடுத்த பரிசு. 2023இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லியில் 27 அடி நடராசர் நிறுவப்பட்டது, வார்த்தது சுவாமிமலை. இதற்கு நடுவே திருட்டுகள். அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி, 2014இல் திருப்பிக் கொடுத்தது. மோனலிசாவுக்கு நடந்ததேதான்: திருட்டு செய்தியாகிறது, செய்தி புகழாகிறது, புகழ் விலையாகிறது, விலை அடுத்த திருடனைக் கூப்பிடுகிறது.

ஆக, ‘உலகப் புகழ்பெற்ற’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு புகைப்படக்காரர், ஒரு பிரெஞ்சுச் சிற்பி, ஒரு கொழும்புத் தமிழர், ஒரு இயற்பியல் எழுத்தாளர், இரண்டு மூன்று அரசுகள், சில கொள்ளையர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இல்லாதவர்கள் வார்த்தவர்களும், வெளியே நிறுத்தப்பட்டவர்களும்.

‘எல்லாவற்றிலும் சாதியை இழுக்கிறீர்களே’ என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல நண்பர்தான். அவரிடம் நான் சொன்னது: புகழ் என்றாலே ‘எத்தனை பேர் பார்த்தார்கள், அறிந்தார்கள்’ என்பதுதானே பொருள்? பார்க்கக் கூடாது என்று ஒரு பெருங்கூட்டம் பல நூறு ஆண்டு தடுக்கப்பட்டிருந்தால், அது புகழின் வரலாற்றுக்குள்ளேயே வரும் செய்தி. வெளியிலிருந்து இழுத்து வருவது அல்ல. சிதம்பரத்தில் கனகசபை மேல் ஏறி வழிபடப் பக்தர்களை அனுமதிக்க 2022 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை போட வேண்டியிருந்தது. ‘யார் எங்கே நின்று பார்ப்பது’ என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

சரி, எப்படித்தான் எழுதுவது? நான் திருப்பி அனுப்பிய வரைவின் ஒரு பகுதி இது:

“நடராசர் செப்புச் சிலைகள் சோழர் காலத்தில் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை, செய்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. கோயில்களில் ஆடை அணிகளோடு வழிபடப்பட்டன. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு இக்கோயில்களுள் நுழையும் சட்ட உரிமை 1947இல் கிடைத்தது. சென்னை அருங்காட்சியகச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்து ரோடின் எழுதிய கட்டுரையும் (1921), ஆனந்த குமாரசாமியின் நூலும் (1918) இவ்வடிவத்தை ஐரோப்பா, அமெரிக்கா அறியச் செய்தன.”

இதில் ‘புகழ்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் புகழ் பற்றி இதற்கு முன் இருந்த குறிப்பைவிட அதிகம் சொல்கிறது. சொற்களும் ஒன்றும் கூடிவிடவில்லை; ‘ஈடு இணையற்ற’, ‘காலத்தை வென்ற’, ‘உலகமே வியக்கும்’ என்று மூன்று அடைமொழியை வெட்டினால் ஒரு தேதிக்கும் ஒரு பெயருக்கும் இடம் கிடைத்துவிடும்.

இதே அளவுகோலை நம் பக்கமும் வைக்க வேண்டும், தோழர்களே. ‘உலகிலேயே அதிகச் சிலைகள் உள்ள தலைவர் அம்பேத்கர்’ என்று நாமும் எழுதுகிறோம், பதாகை அடிக்கிறோம். எண்ணியவர் யார்? நான் இந்த வரியை எந்தக் குறிப்பிலும் எழுத மாட்டேன். எழுத வேண்டியது அதைவிட வலுவானது. 1950இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, கோலாப்பூரின் பிந்து சௌக்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1967இல் நாடாளுமன்ற வளாகத்தில் பி.வி. வாக் என்ற சிற்பி வடித்த வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. கையில் புத்தகம், நீட்டிய விரல், மேல்நாட்டு உடை என்ற வடிவம் ஊர் ஊராகச் சிமெண்டில் எழுந்தது. நீல வண்ணம் பூசப்பட்டது. அரசு பரிசளித்து அல்ல, விமர்சகர் வியந்து அல்ல. கூலிக் காசில் வரி போட்டு. உத்தரப்பிரதேசத்தில் இந்தச் சிலைகளைப் பற்றி நிக்கோலா ஜாவுல் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் கள ஆய்வு செய்திருக்கிறார். அவர் செய்தது மானிடவியல். கலை வரலாற்றுக் குறிப்புகளில் பி.வி. வாக் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் அந்தச் சிலைகளை இரும்புக் கூண்டுக்குள் வைத்திருக்கிறோம். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் ஒரு சிலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு அங்கே புதிய சிலையை வைத்தது. ஒரு சிற்ப வடிவத்தை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அன்போடு அறிந்தவர்களும் வெறுப்போடு அறிந்தவர்களும் உண்டு. கூண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பதிவை எழுத வேண்டும்.

அந்தக் களஞ்சியத்தின் சிற்பங்கள் பட்டியலில் அம்பேத்கர் சிலை இல்லை. கேட்டேன். “அது அரசியல், கலை இல்லை” என்று பதில் வந்தது. அரசனின் சின்னமாக இருந்திருக்கக்கூடிய நடராசர் கலையாம்! கேட்காவிட்டாலும் எழுதி அனுப்பப் போகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊர்ச் சிலையைச் செய்தவர் யார் என்று எனக்கே தெரியவில்லை. பீடத்தில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது, தலைமை தாங்கியவர் பெயர் இருக்கிறது, நன்கொடையாளர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. போன வாரம் ஊருக்குப் போனபோது பெரியவர்களிடம் விசாரித்தேன். பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருவர், களத்துமேட்டில் ஒரு மாதம் தங்கி, கம்பி கட்டிச் சிமெண்டு பூசிச் செய்தார் என்றார்கள். பெயரைக் கேட்டதும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். செய்தவர் யார், எந்த ஆண்டு, எவ்வளவு கூலி, வரி எவ்வளவு போட்டார்கள், கூண்டு எப்போது வந்தது. விடை சொல்லக்கூடியவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது.